கைக்குக் கேட்கும் தூண்டில்

மார்ச் 4

இன்று முழுக்க ஒரே ஒரு கீழ்த்தாடை. மெழுகில் பல் நட்டு, பிடுங்கி, மறுபடி நட்டு, சாயங்காலம் வரை அதே வேலை. என் மேசைக்கு எதிரே உள்ள மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி ஒன்று திறந்து கிடக்கிறது. வெயில் அதில் பட்டு எங்கள் கூரையில் வந்து ஆடுகிறது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன் போலிருக்கிறது. முதலாளியம்மா பின்னால் வந்து, "என்னடி, பல்லு உன்னப் பாத்து சிரிக்குதா?" என்றாள். பொய்ப்பல் செய்கிற இடத்தில் இந்த ஒரு நகைச்சுவைதான். எத்தனை வருஷம் அரைத்த மாவு!

வீட்டுக்கு வந்தால், இவர் ஜன்னலோர நாற்காலியில், காலையில் எப்படி விட்டுப்போனேனோ அப்படியே. டம்ளர்கூட இடம் மாறவில்லை. பாதி வாழ்க்கையைப் பஸ் ஓட்டியே கழித்த மனுஷன். ஒரு நிமிஷம் ஓரிடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கண் டாக்டர், "போன பார்வை வராது, மிச்சத்தக் காப்பாத்திக்கலாம்" என்று சொன்ன நாளோடு வண்டி நின்றது, ஆளும் நின்றுவிட்டார். குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி இருக்கிறதாம். என் மூக்கு தெரிகிறது, காது தெரியவில்லையாம். "காதுல ஒண்ணும் பெருசா இல்ல, விடுங்க" என்றேன். சிரிக்கவில்லை.

நாத்தனார் போன் செய்தாள். அவள் வீட்டுக்காரரின் கூட்டாளி ஒருவர் ஏரியில் கட்டிக்கிடக்கிற நம் படகை வாங்கிக்கொள்கிறாராம், மே கடைசியில் வந்து எடுத்துக்கொள்வாராம். "சரி, எடுத்துக்கட்டும்" என்றார் இவர். வீட்டில் கிடக்கிற பழைய பேப்பரைப் போடச் சொல்வதுபோல அவ்வளவு சுலபமாக.

அந்தப் படகு போனால் இவர் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டார். எனக்குத் தெரியும். மே முடிவதற்குள் இவரை மறுபடி தண்ணீரில் இறக்கியாக வேண்டும். எப்படி? ஒரு எழவும் தெரியவில்லை.

மார்ச் 6

மழை. இவர் இன்று மூன்று வார்த்தை பேசினார். மூன்றும் 'வேணாம்'.

மார்ச் 9

ஞாயிறு. இவர் குளிக்கப் போன நேரம் கதவுக்குப் பின்னால் இருந்த தூண்டிலை எடுத்துப் பார்த்தேன். கனமான கழி, அதன் பிடிக்கு மேலே சின்ன டப்பா மாதிரி ஒரு ரீல். நூல் முழுக்கச் சிக்கு. என் வேலை ஊசியை எடுத்து ஒவ்வொரு சுற்றாக நெம்பிப் பார்த்தேன். ம்ஹூம்.

இது எப்படி நடந்தது என்று ஒரே ஒருமுறை சொன்னார். இந்த வகை ரீலில், வீசிய இரை தண்ணீரைத் தொடுகிற அந்த நொடியில் கட்டைவிரலால் உருளையை அழுத்தி நிறுத்த வேண்டும். இரை விழுவது கண்ணில் படவில்லை. விரல் பிந்திவிட்டது. உருளை பாட்டுக்குச் சுழன்று, நூல் எல்லாம் கொப்பளித்துப் புதராகிவிட்டது. ஒரு தடவை, இரண்டு தடவை, அன்று காலை முழுக்க இதே கதை. இரையோடு நுனி நூலை அறுத்து எறிந்துவிட்டு வந்தவர் தூண்டிலைக் கதவுக்குப் பின்னால் சாய்த்தார். அதோடு 'பாஸ்' மீன் என்ற சொல்லே இந்த வீட்டில் செத்துப்போனது.

பாஸ் என்றால் இவருக்குப் பைத்தியம். பச்சை முதுகு, முகத்தில் பாதி வாய். ரோஷக்கார மீன், பசிக்காக அல்ல, கோபத்துக்காகவே கடிக்கும் என்பார். புழு வேண்டாம், சோறு வேண்டாம். ரப்பரிலும் மரத்திலும் செய்த பொய்யிரை போதும், அது தன் பக்கம் தைரியமாக நீந்தி வந்தால் பாய்ந்துவிடுமாம். இவர் மற்றவர்கள்போல எங்கேயோ வீசிவிட்டு உட்கார்ந்திருக்கிற ரகம் இல்லை. கட்டை நிழலில் மீன் நிற்பதைக் கண்ணால் பார்த்து, அதன் மூக்குக்கு முன்னால் கொண்டுபோய்ப் போடுவார். கண்ணால் மீன் பிடித்தவர்.

கண்ணால் பிடித்தவருக்கு வேறு எதால் பிடிக்கக் கற்றுக்கொடுப்பது? நான் யார் கற்றுக்கொடுக்க? எனக்கு மீன் என்றால் வாணலி வரைதான் பழக்கம்.

மார்ச் 13

வேலை முடிந்து, வீட்டுக்குத் தெரியாமல் தூண்டில் கடைக்குப் போனேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஆற்றுப்பாலம் இறங்குகிற இடம். இவர் அந்தக் கடைக்காரருக்கு 'நத்தை' என்று பேர் வைத்திருக்கிறார். சரியாகத்தான் வைத்திருக்கிறார். நான் கேட்ட கேள்விக்கு அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டி, அதற்குப் பிறகு வாய் திறந்தார்.

விஷயத்தைச் சொன்னேன். "பார்வை மங்கின ஆளுக்குத் தூண்டில் வேணும். பாக்காமலே பிடிக்கணும்."

"மீன் என்ன பாத்தா மாட்டுது?" என்றார் நத்தை. "தண்ணிக்குள்ள நடக்கிறத எவன் பாத்தான்? எல்லாருக்கும் கைதான்."

பிறகு ஒரு வேலை செய்தார். மெல்லிசான ஒரு கழியை எடுத்து, பிடியை என் கையில் கொடுத்து, கண்ணை மூடச் சொன்னார். நுனியைத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தார். ஐயோ! என் உள்ளங்கைக்குள் பாட்டு வந்தது! காதில் விழுந்ததைச் சொல்லவில்லை. அது வேறு. இது கைக்குள், தோலுக்கடியில், ஒரு வண்டு மெதுவாக நகர்கிற மாதிரி. இன்னொரு கழியைக் கொடுத்தார், தடியானது. அதில் ஒன்றுமே வரவில்லை, சும்மா கட்டை. "இது ஊமை. அது பேசும்" என்றார்.

கடையில் ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள், ஒருவர் தொண்டையில் கழியை வைத்துக்கொண்டு பாடுகிறார். யாராவது தெரிந்தவர்கள் பார்த்திருந்தால் மானம் போயிருக்கும்.

மார்ச் 15

கனவு. ஏரிக்கு அடியில் நடக்கிறேன். மூச்சு முட்டவில்லை. என் மேசையில் இருக்கிற பல் செட்டெல்லாம் வாயில் மாட்டிக்கொண்டு மீன்கள் வரிசையாக வருகின்றன. ஒன்று கேட்கிறது, "கடிச்சா வலிக்குமா?" எதைக் கடித்தால் என்று கேட்பதற்குள் விழிப்பு வந்துவிட்டது. காலை முழுக்க அந்தப் பச்சை வெளிச்சத்திலேயே இருந்தேன். முதலாளியம்மா இரண்டு தடவை கூப்பிட்டாளாம்.

மார்ச் 20

வாங்கிவிட்டேன். பேசுகிற கழி. அதற்கு ரீல், இந்தத் தடவை டப்பா மாதிரி இல்லை. கழிக்கு அடியில் தொங்குகிற வகை. வீசினால் நூல் தானே உருவி ஓடி, இரை விழுந்ததும் தானே நின்றுவிடும். விரல் வைக்க வேண்டிய நொடியைக் கண் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. நூலும் வேறு. பழைய நூல் ரப்பர் மாதிரி இழுபடுமாம், மீன் தொட்டதை நூலே தின்றுவிடுமாம். இது பின்னிய நூல், இழுபடாது. அடியில் ஒரு கூழாங்கல்லில் உரசினாலும் கைக்குச் செய்தி வந்துவிடும் என்றார் நத்தை.

அடுத்தது இரை. அங்கேதான் நான் மயங்கிப்போனேன். சுவர் முழுக்கத் தொங்குகின்றன! தவளை, புழு, வெள்ளிச் சிறகு வைத்தது, வாய் குழிந்தது ஒன்று, தண்ணீருக்கு மேல் இழுத்தால் 'பொளக் பொளக்' என்று சத்தம் போடுமாம். நிறம் வேறு ஆயிரம். வெள்ளையிலேயே எத்தனை வெள்ளை உண்டு என்று தெரிந்தவள் நான். ஒரு ஆளின் மிச்சமிருக்கிற பல்லுக்கு ஒத்துப்போகிற வெள்ளையைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். அப்படிப்பட்டவளை அங்கே கொண்டுபோய் விட்டால்? இந்தப் பச்சைக்குப் பக்கத்தில் அந்தப் பச்சையை வைத்து, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், திருப்பி... நத்தையே கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் அவரே ஒரு பிடி எடுத்துப் பையில் போட்டார். பொய்ப்பல் செய்கிறவள் பொய்யிரை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். எல்லாவற்றையும் வேலையிடத்தில் என் மேசைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன்.

மார்ச் 27

சாப்பாட்டு நேரத்தில் இரைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். அதில் ஒன்று, குண்டு வயிற்றுக்காரன், ஆட்டினால் கடகடவென்கிறான். உள்ளே ஏதோ கழன்று கிடக்கிறது. கோபம் வந்தது. நத்தை உடைசலைத் தலையில் கட்டிவிட்டாரே! திருப்பிக் கொடுக்கப் பாலம் வரை யார் போவது? நம் கையில் இல்லாத வைத்தியமா? வயிற்றில் பொடி ஓட்டை போட்டு, பல் செட் வார்க்கிற அக்ரிலிக் கரைத்து உள்ளே செலுத்தி, இறுகவிட்டு, அடைத்து, தேய்த்து, பளபளப்பும் ஏற்றிவிட்டேன். அடைத்த இடத்தை நானே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஆட்டினேன். கப்சிப்.

எங்கள் தொழிலில் ஆடினால் அது குறை, சத்தம் வந்தால் அது அவமானம். இன்று முழுக்க மனசு நிறைந்திருந்தது.

மார்ச் 30

ஞாயிறு. நூல் விட்டுப் பார்க்கலாம் என்று மெதுவாக ஆரம்பித்தேன். "ஏரிப் பக்கம் காத்து நல்லா இருக்குமில்ல இப்போ?" முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். சரி, ஆனது ஆகட்டும் என்று நேற்று வேலையிடத்திலிருந்து எடுத்து வந்திருந்த எல்லாவற்றையும் இவர் மடியில் வைத்தேன்.

கழியைத் தொட்டார். ரீலைத் தொட்டார். கை நின்றது.

"யாரக் கேட்டு வாங்கின?"

"யாரக் கேக்கணும்?"

"படகையே விக்கிறோம். இது எதுக்கு? அழகு பாக்கவா?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டினேன். பத்துப் பாத்திரம் உருட்டுகிற சத்தத்துக்கு நடுவில் பின்னால் ஏதோ கிலுகிலுவென்று கேட்டது. எட்டிப் பார்த்தேன். இரைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காதோரம் ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். குண்டு வயிற்றுக்காரன் வந்தான். ஆட்டினார். மறுபடி ஆட்டினார். தட்டினார்.

"ஏய் பல்லி," என்றார். பல் வேலைக்குப் போக ஆரம்பித்த நாளில் இவர் எனக்கு வைத்த பேர். கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த பிறகு கூப்பிட்டதே இல்லை. "இவனுக்கு என்னாச்சு? ஊமையாயிட்டான்?"

பெருமையாகச் சொன்னேன். ஓட்டை போட்டது, ஊற்றியது, பளபளப்பு ஏற்றியது. இவர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். பிறகு ஆரம்பித்தது பாருங்கள் ஒரு சிரிப்பு. நாற்காலி குலுங்குகிறது, கண்ணில் தண்ணீர், மூச்சு வாங்குகிறது.

"அடியே! அந்தக் குண்டு உருள்ற சத்தத்துக்குத்தான்டி அவனையே வாங்குறது! அது தண்ணிக்குள்ள கடகடன்னு போகும், அந்த அதிர்வு நூல் வழியா கைக்கு வரும். அதிர்வு நின்னா பாசியில மாட்டிருக்கு, தடுமாறினா மீன் தொட்டிருக்கு. நீ என்னடான்னா அவன் வயித்துல சிமெண்டப் போட்டு... இனிமே மிதக்கக்கூட மாட்டான், கல்லு!"

நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? ஆனால் சிரிப்பு தொற்றிக்கொண்டது. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சிரித்தோம். அதற்குப் பிறகு சாயங்காலம் வரை இவர் பேசினார். எந்த இரை எந்த ஆழத்தில் போகும், எது எப்படிக் கையில் துடிக்கும், மேகமூட்டத்துக்கு எது, வெயிலுக்கு எது. சாப்பாடு ஆறிப்போனது. நான் 'உம்' கொட்டிக்கொண்டே இருந்தேன், பாதி புரியவில்லை, குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 2

கடையில் நடந்த தொண்டை வித்தையைச் சொன்னேன். "செஞ்சு காட்டு" என்றார். ஜன்னல் பக்கம் மஞ்சள் வெளிச்சம். இவர் பிடியைப் பிடித்துக் கண்ணை மூடினார், நான் நுனியைத் தொண்டையில் வைத்துக்கொண்டேன். அறைக்கு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கழி நீண்டிருந்தது.

என்ன பேசுவது? முதலில் கடைச்சாமான் கணக்கை முணுமுணுத்தேன். "உப்பு, சோப்பு, தீப்பெட்டி."

"வருது, வருது" என்றார். குழந்தை மாதிரி முகம்.

பிறகு சத்தமே வெளியே வராமல், உதடு மூடி, தொண்டைக்குள்ளேயே சொன்னேன். எனக்குப் பயமா இருக்கு. நீங்க அந்த நாற்காலியிலேயே இருந்துடுவீங்களோன்னு பயமா இருக்கு. ராத்திரி நீங்க சுவரத் தடவி நடக்கிற சத்தம் கேட்டா படுத்துக்கிட்டே அழறேன். உங்கள எனக்கு வேணும். பழைய மாதிரி வேணும். இல்லேன்னா புது மாதிரியாவது.

"இப்ப என்ன சொன்ன? நீளமா வந்துச்சே?"

"கடைக்கணக்குதான்."

கொஞ்ச நேரம் பிடியை விடாமல் வைத்திருந்தார். "ஞாயித்துக்கிழமை லீவுதானே உனக்கு?" என்றார்.

ஏப்ரல் 13

ஏரி.

போன ஞாயிறு மழை கெடுத்தது. இன்று மூடுபனி. கரை எது தண்ணீர் எது என்று எனக்கே தெரியவில்லை, இன்றைக்கு இரண்டு பேருக்கும் ஒரே பார்வைதான் என்றேன். துடுப்பு என் கையில். படகு இரண்டு சுற்று சுற்றி மறுபடி கட்டுக்கல்லிலேயே இடித்தது. "லைசென்ஸ் யாரு குடுத்தா?" என்றார் முன்பக்கத்திலிருந்து.

பஸ் ஓட்டியவரிடம் பஸ் பாஷைதான் எடுபடுகிறது. "இடது பக்கம் ஒடிச்சு, கொஞ்சம் முன்னால, விழுந்து கிடக்கிற மரம் ஒண்ணு ஸ்டாப்ல நிக்குது" என்றால் சரியாக அங்கே வீசுகிறார். நூல் 'விஸ்ஸ்' என்று ஓடுகிறது, எங்கோ பனிக்குள் 'டப்'. அந்தச் சத்தத்தைத் தலையைச் சாய்த்துக் கேட்கிறார். "தூரம் பத்தல" என்பார். இல்லையென்றால், "தண்ணி அங்க ஆழம் கம்மி, சத்தம் சப்பையா இருக்கு."

ஒரு மீனும் இல்லை. எனக்கு அதெல்லாம் ஒன்றும் தோன்றவே இல்லை. துடுப்பிலிருந்து சொட்டுகிற தண்ணீரையே கேட்டுக்கொண்டு, எங்கே இருக்கிறோம் என்பதே மறந்து, மிதந்து கிடந்தேன். பனி விலகியபோது தண்ணீருக்குள் ஒரு முழு வானம் கிடந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லலாமா வேண்டாமா? "மேகம் தண்ணிக்குள்ள இருக்குதா?" என்று இவரே கேட்டார்.

ஏப்ரல் 20

இன்றும் போனோம். ஒன்று தொட்டுவிட்டுப் போனதாம். அதையே வாரம் முழுக்கப் பேசுவார் போலிருக்கிறது. பேசட்டும்.

ஏப்ரல் 27

பாழாய்ப்போன நாள்.

வாய் குழிந்த இரையைக் கட்டியிருந்தார். தண்ணீருக்கு மேல் அதைப் 'பொளக்' என்று இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுத்து. நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன். அல்லி இலைக்கு அடியிலிருந்து ஒரு நிழல் வந்தது. பெரியது, என் முழங்கை அளவு. தண்ணீர் வெடித்தது! இவர் அசையவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், இவருக்குத் தெரியவில்லை என்றுதான் நினைத்தேன். "இழுங்க! இழுங்க!" என்று கத்தி, எழுந்து, இவர் கையிலிருந்து தூண்டிலைப் பிடுங்கி ஒரே இழு. இரை பறந்து வந்து என் முந்தானையில் மாட்டியது. மீன் இல்லை.

இவர் திரும்பவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டே பேசினார்.

"அது வாயே மூடல. தண்ணி சத்தம் கேட்டதும் இழுக்கக் கூடாது. கனம் வர்ற வரைக்கும் காத்திருக்கணும். எனக்குக் கனம் தெரியும். கண்ணுதான் போச்சு, கை போகல."

"எனக்குத் தெரியாதுங்க, நீங்க பாக்கலயோன்னு..."

"பாக்கலதான். நீ பாத்ததாலதான் போச்சு." பிறகு மெதுவாக, "சட்டைய எடுத்து வைக்கிற. சோத்தப் பிசைஞ்சு வைக்கிற. தூண்டிலும் நீயே வாங்கின. எல்லாத்தையும் என் கையில இருந்து வாங்கிக்கிட்டா, நான் எதப் பிடிச்சுக்கிட்டு இருக்கிறது?"

தூண்டில் முள் முந்தானையில் மாட்டியது மாட்டியபடியே வீடு வந்தேன்.

ஏப்ரல் 28

நான் என்ன தப்பு பண்ணிட்டேன்? இவருக்காகத்தானே? லீவு நாள்ல தூங்காம, துடுப்புப் போட்டு தோள்பட்ட வலி, யாருக்காக? இவரு பாட்டுக்கு முதுகக் காட்டிக்கிட்டுச் சொல்லிட்டாரு. நல்லதுக்குக் காலமே இல்ல. போகட்டும் படகு. எனக்கென்ன.

ஏப்ரல் 30

வேலையில் ஒரு அம்மாவின் பல் செட் திரும்பி வந்தது. அளவு கச்சிதம், எங்கும் இடிக்கவில்லை. ஆனால் அந்த அம்மாவால் பேச முடியவில்லையாம், நாக்குக்கு இடமே இல்லை என்கிறாராம். அவ்வளவு கெட்டியாக நிற்க வேண்டும் என்று அண்ணத்தில் தடிமனாக ஊற்றியிருக்கிறேன். உட்கார்ந்து தேய்த்து எடுத்தேன், பொடிப் பொடியாக. இவர் சொன்னது ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. சட்டை. சோறு. ஆமாம், பிசைந்துதான் வைக்கிறேன். யார் கேட்டார்கள்?

இரவு சாப்பாட்டைப் பரிமாறிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். குழம்பைத் தேடி விரல் மேசையில் நகர்ந்தது. கரண்டியில் தட்டியது. எடுத்து ஊற்றிக்கொண்டார், கொஞ்சம் சிந்தியது. அந்தக் கொஞ்ச நேரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"குழம்பு நல்லா இருக்கு" என்றார்.

மே 4

நானே கேட்டேன், "போவோமா?" "வர்றியா?" என்றார், ஆச்சரியமாக.

படகில் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் என் மேல் எனக்கு இருந்த நம்பிக்கை. அல்லி ஓரம். 'பொளக்'. நிறுத்தம். 'பொளக்'. நிறுத்தம். தண்ணீர் வெடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். இவர் அசையவில்லை. தலை மட்டும் கொஞ்சம் சாய்ந்தது, அடுத்த அறையில் யாரோ பேசுவதைக் கேட்கிற மாதிரி. பிறகு, ரொம்ப சாவகாசமாக, கழி மேலே போனது, வில்லாக வளைந்தது.

நான் கத்திய கத்தில் ஏரியில் இருந்த கொக்கெல்லாம் பறந்துபோயிற்று.

"கீழுதட்டக் கட்டவிரலால பிடி. பயப்படாத, கடிக்காது" என்றார். பிடித்தேன். அந்த வாய்! உள்ளே பல் என்று தனியாக ஒன்றும் இல்லை, ஓரம் முழுக்கச் சொரசொரவென்று, உப்புத்தாள் மாதிரி, ஆயிரம் பொடிப்பல். எத்தனை வாயின் அச்சு என் மேசைக்கு வந்திருக்கிறது, இத்தனை நேர்த்தியான ஒன்றை நான் பார்த்ததே இல்லை. விரலால் தடவிக்கொண்டே இருந்தேன். "போதும், மூச்சு முட்டும், விடு" என்றார். தண்ணீருக்குள் கையைத் தாழ்த்தினேன். ஒரு நொடி என் விரலிலேயே நின்றது, பிறகு போய்விட்டது. விரல் நுனி இப்போதும் சொரசொரவென்று இருக்கிறது.

இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. இதற்காகத்தானே இவ்வளவும்.

மே 7

முகத்தைப் பார்த்து ஏமாந்துபோனேன். நாத்தனார் வந்திருந்தாள். "கடைசி ஞாயிறு ஆள் வரச் சொல்லவா அண்ணே?" என்று கேட்டாள். நான் சமையலறையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். "வரச் சொல்லு" என்றார்!

அவள் போனதும் சண்டைக்குப் போனேன். "ஏங்க? ஞாயித்துக்கிழமை அப்படிச் சிரிச்சீங்களே?"

"சிரிச்சேன். நீ?"

"எனக்கென்ன?"

"அதான் கேக்கிறேன். உனக்கென்ன? தூண்டிலத் தொடுன்னா தொட மாட்டேங்கிற. உனக்கு இருக்கிறதே வாரத்துல ஒரு நாளு. அதுல துடுப்புப் போட்டு என்னச் சுமந்துக்கிட்டுத் திரியிற. எத்தன ஞாயிறு? என்னால உனக்கு ஒரு வேல கூடிப்போச்சு, அவ்வளவுதான். நான் எங்க போகணும்னாலும் நீ வரணும். வாசல்படி தாண்டக்கூட. இது மீன் பிடிக்கிறதில்ல, நீ எனக்கு ஆயா வேல பாக்கிறது."

எனக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது என்று சொன்னேன். பனி, துடுப்புச் சத்தம், மீனின் வாய். சொல்லச் சொல்ல, இவரைச் சமாதானப்படுத்தச் சொல்வது போலவே என் காதுக்கே கேட்டது. நிஜத்தைச் சொன்னாலும் நம்ப வைக்க முடியாத நேரம் ஒன்று இருக்கிறது.

மே 11

காற்று. போகவில்லை.

மே 18

போனோம். ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு மிதந்தோம். கடைசித் தடவை என்று இரண்டு பேரும் சொல்லவில்லை. தண்ணீர் அவ்வளவு அழகாக இருந்தது, பாவி.

மே 24

சனிக்கிழமை, அரை நாள் வேலை. கதவைத் திறந்தேன். நாற்காலி காலி.

குளியலறை இல்லை. படுக்கை இல்லை. பால்கனி. இல்லை. செருப்பு இல்லை. எங்க போனாரு? தனியா எப்படி? மாடிப்படி விளிம்பே தெரியாதே இவருக்கு. நாத்தனாருக்குப் போன் போட்டேன், அங்கே வரவில்லை என்கிறாள். "காலையில போன் பண்ணினானே அண்ணன். படகு இல்லேன்னுட்டான், வேற பாத்துக்கச் சொல்லுன்னு. உனக்குத் தெரியாதா?" எனக்கு எங்கே தெரியும்! இவர் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மேசை மேல் கிடந்து நான் அடிக்க அடிக்க அதுவே அடித்துக்கொள்கிறது. தேடி இறங்கலாம் என்றால் எந்தப் பக்கம் போவது? ஒரு பக்கம் நான் போய், மறு பக்கம் இவர் வந்தால்?

பால்கனியில் நின்றேன். கீழே தெரு. சைக்கிள், பால் வண்டி, யார் யாரோ.

அப்புறம் பார்த்தேன். எதிர்ப் பக்க நடைபாதையில், மருந்துக் கடைக்கு முன்னால். கையில் நீளமாக ஒரு பொட்டலம். தெருவைக் கடக்க நிற்கிறார். தலையைச் சாய்த்துக் கேட்கிறார். ஒரு வண்டி போனது. இன்னொன்று. வாயைத் திறந்துவிட்டேன். "அங்கயே நில்லுங்க, நான் வர்றேன்." குரல் தொண்டை வரை வந்துவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பார், எனக்குத் தெரியும், அங்கேயே நின்றிருப்பார்.

பக்கத்தில் நின்ற ஒரு அம்மாவிடம் ஏதோ கேட்டார். அந்த அம்மா ஏதோ சொன்னாள். கடந்தார். நடைபாதை விளிம்பைக் காலால் தட்டிப் பார்த்து ஏறினார். நம் வாசலுக்குள் மறைந்தார். படியில் ஒவ்வொரு காலடியாகக் கேட்டது. நான் ஓடிப்போய் அடுப்படியில் ஒரு வெங்காயத்தை எடுத்து நறுக்க ஆரம்பித்தேன். கண்ணில் தண்ணீருக்கு ஒரு காரணம் வேண்டுமே.

வந்தார். வியர்வை வழிகிறது. சட்டையில் ஒரு பொத்தான் மாற்றிப் போட்டிருக்கிறார்.

"எங்க போனேன்னு கேக்க மாட்டியா?"

"எங்க போனீங்க?"

"கடைக்கு" என்றார், தினமும் போய் வருகிற ஆளைப் போல. பிறகு தாங்கவில்லை, கொட்டிவிட்டார். பஸ்ஸில் போனாராம். யாரோ சின்னப் பையன் ஓட்டினானாம். "திருப்பத்துக்குத் திருப்பம் பிரேக்க மிதிக்கிறான், வயிறே கலங்கிப்போச்சு." பாலத்தில் இறங்காமல் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, கேட்டுக் கேட்டு நடந்து வந்தாராம். நத்தை இவரைப் பார்த்துக் கண்ணாடியைத் துடைக்கவே மறந்துவிட்டானாம்.

பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார். "எனக்கில்ல. உனக்கு."

கடையில் இருந்த கழியெல்லாம் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாராம். "என்னோடது உனக்கு நீளம், கனம் ஜாஸ்தி. உன் மணிக்கட்டு சின்னது. நாள் பூரா அந்த மோட்டாரப் பிடிச்சுத் தேய்க்கிற கை, சாயங்காலமானா வலிக்கும். இது இறகு மாதிரி. ரீல் சின்னதுதான், இடது கையால சுத்தற மாதிரி மாத்தி வாங்கியிருக்கேன், வலது கைக்கு ஓய்வு கிடைக்கும். பிடிக்காட்டி மாத்திக்கலாம்னு சொல்லியிருக்கான். நானே போய் மாத்திட்டு வர்றேன்."

வெங்காயக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினேன். என் கை எப்படி இருக்கும் என்பதை நான்கூட இவ்வளவு நேரம் யோசித்ததில்லை. விரல்களை மடக்கினேன். பிடி எனக்குச் சரியாக இருந்தது.